எடிசனின் வீட்டிலும் ஆய்வுகூடத்திலும் ஒரு நாள்

தோமஸ் அல்வா எடிசன் என்ற பெயரை நாம் எல்லோரும் சிறு வயதிலிருந்தே அறிவோம். "மின்குமிழைக் கண்டுபிடித்தவர் யார்?" என்ற கேள்விக்கு விடையாக அந்தப் பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். ஒரு புள்ளியும் பெற்றிருக்கிறோம். ஆனால் அந்த ஒரு புள்ளி விடைக்குள் எவ்வளவு பெரிய கதை அடங்கியிருக்கிறது என்பதைக் கடந்த ஓகஸ்ட் விடுமுறையில்தான் நான் அறிந்துகொண்டேன். அமெரிக்காவின் நியூ ஜேர்ஸி மாநிலத்தில் வசிக்கும் என் மாமாவின் வீட்டுக்கு உம்மாவுடன் சென்றிருந்தபோது, எடிசன் வாழ்ந்த வீட்டையும் அவர் பணியாற்றிய ஆய்வுகூடத்தையும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கண்டதையும் கற்றதையும் எமது கல்லூரித் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையில் என்னைப் பற்றியும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் அன்று நான் கற்ற பாடத்தை எழுத முடியாது. எனக்கு ஏழு வயதில் வந்த கடும் காய்ச்சலுக்குப் பிறகு வலது காதில் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. இடது காதிலும் ஓரளவே கேட்கும். செவிப்புலன் கருவி ஒன்றை அணிகிறேன். பர்தாவுக்குள் அது மறைந்துவிடுவதால் இத்தனை வருடங்களாக வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சென்ற வருடம் இரசாயனவியல் செய்முறை வகுப்பில் அமிலத்தை ஐதாக்கும்போது, நீருக்குள்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சொன்னதால் எனக்குப் பாதிதான் கேட்டது. நான் அமிலத்துக்குள் நீரை ஊற்றினேன். அது கொதித்துத் தெறித்து என் சட்டைக் கையில் ஓட்டை விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. "ஏன் சொன்னபடி செய்யவில்லை?" என்று ஆசிரியை கேட்டபோது, "கவனிக்கவில்லை டீச்சர்" என்றேன். "கேட்கவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து, இனி விஞ்ஞானப் பிரிவில் படிக்கத்தான் வேண்டுமா என்ற யோசனை என் மனதில் இருந்துகொண்டே வந்தது. அந்த யோசனையோடுதான் நான் எடிசனின் வாசலை மிதித்தேன்.

ஆய்வுகூடத்தின் அமைப்பு

நியூயோர்க் நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்தில் வெஸ்ட் ஒரேஞ்ச் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பிரதான வீதியோரமாகச் செங்கல்லாலான பழைய கட்டடங்கள் சில நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் நம் மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை நினைவூட்டும். இதுதான் எடிசன் 1887 ஆம் ஆண்டில் திறந்த ஆய்வுகூடம். 1931 இல் அவர் இறக்கும் வரை இதுவே அவரது பணியிடமாக இருந்தது. இன்று இதுவும் அவரது வீடும் சேர்ந்து அமெரிக்க அரசின் தேசியப் பூங்காச் சேவையினால் நூதனசாலையாகப் பராமரிக்கப்படுகின்றன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மின்குமிழ் உருவானது இந்த இடத்திலன்று. அது 1879 இல், இதே மாநிலத்திலுள்ள மென்லோ பார்க் என்ற இடத்திலிருந்த அவரது முந்திய ஆய்வுகூடத்தில் நடந்தது. அவருக்கு முன்பும் பலர் மின்விளக்கைச் செய்து பார்த்திருந்தனர். இங்கிலாந்தில் ஜோசப் சுவான் அதே காலத்தில் அதே முயற்சியில் ஈடுபட்டிருந்தார். எடிசனின் சாதனை, நீண்ட நேரம் எரியக்கூடிய இழையொன்றைக் கண்டறிந்ததும், அதற்கு மின்சாரம் வழங்கும் முழு ஏற்பாட்டையும் உருவாக்கியதுமாகும். அந்தப் புகழும் பணமும் சேர்ந்த பிறகு, முன்னையதைவிடப் பல மடங்கு பெரிதாக அவர் கட்டியதே வெஸ்ட் ஒரேஞ்ச் ஆய்வுகூடம்.

மூன்று மாடிகள் கொண்ட நீண்ட பிரதான கட்டடமும், அதன் அருகே ஒரு மாடியுள்ள நான்கு சிறிய கட்டடங்களும் இங்கே உள்ளன. ஒரு புதிய பொருளைப் பற்றிய எண்ணம் தோன்றியதும், அதைப் பற்றி வாசிப்பதற்கு நூலகம், தேவையான மூலப்பொருளுக்குக் களஞ்சியம், மாதிரியைச் செய்வதற்கு இயந்திரக்கூடம், பரிசோதிப்பதற்கு இரசாயன ஆய்வுகூடம், பிறகு பெருமளவில் உற்பத்தி செய்வதற்குச் சுற்றிலும் தொழிற்சாலைகள். எல்லாம் ஒரே வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதே அவரது திட்டம். கண்டுபிடிப்பு என்பது ஒருவருக்குத் திடீரென்று தோன்றும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே அது பலர் சேர்ந்து நாள்தோறும் செய்யும் தொழிலாக நடந்திருக்கிறது.

நூலகமும் களஞ்சியமும்

உள்ளே நுழைந்ததும் நூலகம். மரத்தாலான உயர்ந்த மண்டபம், அதைச் சுற்றி அடுக்கடுக்காக மாடங்கள், கூரை வரை புத்தகங்கள். ஏறத்தாழ 10,000 நூல்கள் இருக்கின்றனவாம். நடுவே வெண்பளிங்குச் சிலை ஒன்று, உடைந்த வாயு விளக்கின் மீது அமர்ந்து மின்குமிழை உயர்த்திப் பிடித்திருக்கிறது. 1889 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்குப் போனபோது எடிசன் வாங்கி வந்தது அது.

அருகே மூடியுள்ள மரமேசை. எடிசன் இறந்ததும் அந்த மேசை பூட்டி முத்திரையிடப்பட்டது. அவர் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைவடைந்த 1947 ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு மூலையில் சிறிய கட்டில் ஒன்றும் உண்டு. வேலை மும்முரத்தில் அவர் மேசைமீதும் பலகைமீதும் படுத்துவிடுவதைக் கண்டு, அவருடைய மனைவி அதை அங்கே போட வைத்தாராம்.

களஞ்சிய அறையில் ஆயிரக்கணக்கான சிறிய இழுப்பறைகள். உலோகங்கள், கம்பிகள், இரசாயனங்கள் மட்டுமல்ல. விலங்குகளின் தோல், உரோமம், கொம்பு, தந்தம், சிப்பி, மரப்பிசின் என்று உலகத்திலுள்ள எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்திருக்க அவர் முயன்றிருக்கிறார். எந்தப் பொருள் எதற்குப் பயன்படும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, வேண்டும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே காரணம்.

இங்கே என் மாமா ஒரு செய்தியைச் சொன்னார். மின்குமிழின் இழைக்கு முதலில் கரியாக்கப்பட்ட பருத்தி நூலே பயன்பட்டது. பிறகு மூங்கில் நாரைக் கரியாக்கினால் அதைவிட நீண்ட நேரம் எரியும் என்று தெரியவந்தது. யப்பானிய மூங்கில் சிறந்ததாகக் காணப்பட்டது. ஆனாலும் அதைவிடச் சிறந்தது எங்காவது இருக்கக்கூடும் என்று எடிசன் உலகெங்கும் ஆட்களை அனுப்பினார். அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ரிக்கல்டன். வெஸ்ட் ஒரேஞ்சுக்கு அண்மையிலுள்ள மேப்பிள்வூட் என்ற ஊரின் பாடசாலை ஆசிரியர். 1888 இல் அவர் கீழைத்தேயப் பயணம் புறப்பட்டு, மூங்கில் தேடி வந்த நாடுகளுள் எமது இலங்கையும் ஒன்று!

பேராதனைப் பூங்காவில் மகாவலியின் கரையோரம் நிற்கும் அந்தப் பெரிய மூங்கில்கள் என் கண்முன் வந்தன. நாங்கள் கல்விச் சுற்றுலா போகும்போதெல்லாம் அவற்றின் கீழிருந்துதான் சோற்றுப் பார்சலைப் பிரிப்போம். அப்படிப்பட்ட மூங்கிலின் நார் ஒன்று ஒரு காலத்தில் உலகின் விளக்கை எரிய வைக்கும் போட்டியில் இருந்திருக்கிறது என்பதை அறிந்தபோது பெருமையாக இருந்தது. பிற்காலத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட இழைகள் வந்ததும் மூங்கிலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

இயந்திரக்கூடத்தில்

அடுத்தது இயந்திரக்கூடம். கூரையோரமாக நீண்ட உருக்குத் தண்டுகள். அவற்றிலிருந்து தோல் பட்டிகள் தொங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் இணைக்கின்றன. ஒரு தண்டு சுழன்றால் அத்தனை கடைசல் இயந்திரங்களும் இயங்கும். பச்சை மேற்சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணிந்த பூங்கா உத்தியோகத்தர் பெண் ஒருவர் எங்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். கூட்டம் அதிகம். அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பிப் பேசும்போதெல்லாம் என் காதில் வெறும் இரைச்சல்தான். மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரித்தேன். தலையாட்டினால் நானும் ஆட்டினேன். வகுப்பில் பழகிய வித்தைதானே.

"விளங்குதா மகள்?" என்று மாமா கேட்டார். "ஓம் மாமா" என்றேன். மாமாவின் மகள் என்னைவிட மூன்று வயது மூத்தவள், நான் மச்சி என்று அழைப்பவள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே முற்றத்தில் கறுப்பாக, கோணல்மாணலான ஒரு கொட்டகை. 1893 இல் திரைப்படம் எடுப்பதற்கென்றே கட்டப்பட்ட கூடத்தின் மாதிரி அது. அதன் கூரை திறக்கும். முழுக் கொட்டகையும் வட்டமான தண்டவாளத்தின் மீது சுழலும். சூரியன் நகர நகரக் கொட்டகையையும் தள்ளித் திருப்பி, வெளிச்சம் உள்ளே விழும்படி செய்வார்களாம். திரைப்படக் கருவியை உருவாக்கிய வேலையின் பெரும் பகுதியைச் செய்தவர் எடிசனின் உதவியாளரான வில்லியம் டிக்சன். ஆனால் நமது பொது அறிவுப் புத்தகங்களில் டிக்சனின் பெயரைக் காண்பது அரிது.

இரசாயன ஆய்வுகூடத்தைப் பார்த்தபோது என் கால்கள் சற்றுத் தயங்கின. நீண்ட மேசைகள், போத்தல் வரிசைகள், குடுவைகள். எமது கல்லூரி ஆய்வுகூடத்தின் மூத்த சகோதரி போலவே இருந்தது. நிக்கல், இரும்பு ஆகியவற்றைக் கொண்ட மின்சேமிப்புக் கலத்தை உருவாக்க எடிசனும் அவரது குழுவினரும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பாடுபட்டனர். முதலில் விற்பனைக்கு வந்த கலங்கள் ஒழுகத் தொடங்கியதும் அவர் உற்பத்தியை நிறுத்திவிட்டு மீண்டும் பரிசோதனைக்கே திரும்பினார். திருத்திய கலம் வெளிவர மேலும் ஐந்தாண்டுகளாவது சென்றன. தவறு நடந்ததை ஒப்புக்கொண்டு மறுபடி தொடங்குவதும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதிதான்.

இந்த ஆய்வுகூடத்துக்கு ஒரு துயரமான வரலாறும் உண்டு. எக்ஸ்-கதிர் கண்டறியப்பட்ட மறு ஆண்டான 1896 இல், எடிசன் அக்கதிர் மூலம் உடலின் உட்பகுதியைத் திரையில் காணும் கருவியொன்றை அமைத்தார். அந்தப் பரிசோதனைகளில் நாள்தோறும் ஈடுபட்டவர் கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர். கதிரின் தீங்கு அப்போது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. டாலியின் கைகளில் புண்கள் உண்டாகிப் புற்றுநோயாக மாறின. கைகள் துண்டிக்கப்பட்டும் பயனின்றி, 1904 இல் தமது 39 ஆவது வயதில் அவர் இறந்தார். எடிசன் எக்ஸ்-கதிர் வேலையையே கைவிட்டார். இதை மச்சி எனக்கு மெதுவாகச் சொன்னபோது, ஓட்டை விழுந்த என் சட்டைக் கை நினைவுக்கு வந்தது. டாலிக்கு ஆபத்து எதுவென்று சொல்ல அன்று ஆளில்லை. எனக்குச் சொன்னார்கள். கேட்கவில்லை என்பதை மறைத்தது நான்தான். அமிலம் என் சட்டையோடு நின்றது. பக்கத்தில் நின்ற தோழியின் கண்ணில் தெறித்திருந்தால்?

இசை அறையில் ஒரு கேள்வி

மூன்றாம் மாடியில் இசை அறை. அங்கே எடிசனின் ஒலிப்பதிவுக் கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. இக்கருவியை அவர் 1877 இல் கண்டுபிடித்தார். நாம் பேசும்போது காற்றில் அதிர்வு உண்டாகிறது. அந்த அதிர்வு மெல்லிய தகடொன்றை அதிரச் செய்கிறது. தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் உருளையின் மேலுள்ள ஈயத்தாளில் ஆழமும் மேடுமாகக் கோடு பதிக்கிறது. பிறகு அதே கோட்டின் வழியே ஊசியை ஓடவிட்டால், தகடு மறுபடி அதிர்ந்து அதே குரலைத் தருகிறது. மின்சாரம் எதுவும் தேவையில்லை. பிற்காலத்தில் ஈயத்தாளுக்குப் பதில் மெழுகு உருளை வந்தது.

உத்தியோகத்தர் பழைய கருவியொன்றை முடுக்கி மெழுகு உருளையைச் சுழலவிட்டார். எல்லோரும் வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தனர். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நூறு வருடத்துக்கு முந்திய குரலொன்று என் முன்னால் பாடிக்கொண்டிருக்கிறது, நான் சுவரைப் பார்ப்பதுபோல் நிற்கிறேன். கண் கலங்கிவிட்டது.

பாட்டு முடிந்ததும் அவர் எடிசனைப் பற்றிச் சொன்னார். இம்முறை எங்கள் பக்கம் திரும்பி நின்றதால் எனக்கு விளங்கியது. எடிசனுக்குப் பன்னிரண்டு வயதளவிலேயே காது கேட்பது குறையத் தொடங்கிவிட்டது. வயது போகப் போக மிகவும் மோசமானது. பேச்சின் அதிர்வில் ஊசிமுனை தம் விரலைக் குத்தியதை உணர்ந்ததே ஒலிப்பதிவுக் கருவி பற்றிய எண்ணத்துக்கு வழிகாட்டியது என்று அவரே கூறியிருக்கிறார். இசையைக் கேட்க வேண்டுமானால், கருவியின் அல்லது பியானோவின் மரத்தைப் பற்களால் கடித்துக்கொண்டு, எலும்பு வழியே வரும் அதிர்வை உணர்வாராம். அப்படிப் பதிந்த பல் அடையாளங்கள் சில கருவிகளில் இன்றும் இருக்கின்றன.

காது கேளாமல் இருந்தும் சாதித்தார் என்று முடித்துவிட்டால் அது முழு உண்மையாகாது என்றும் அவர் சொன்னார். காது கேளாமை அமைதியாகச் சிந்திக்க உதவியதாக எடிசன் அடிக்கடி கூறுவதுண்டு. ஆனால் தமது நிறுவனம் வெளியிடும் இசைத்தட்டுகளில் எந்தப் பாடகர் பாட வேண்டும் என்பதையும் நீண்ட காலம் அவரே தீர்மானித்தார். தம் செவிக்குப் பிடிக்காததை ஒதுக்கினார். மற்றவர்களின் ரசனை மாறியது. போட்டி நிறுவனங்கள் முந்தின. 1929 இல் எடிசன் நிறுவனம் இசைத்தட்டுத் தொழிலையே நிறுத்திக்கொண்டது. தமக்குக் கேட்காததைத் தம் விரலாலும் பல்லாலும் தேடியபோது அவர் வென்றார். அதே விடயத்தில் பிறரிடம் கேட்க மறுத்தபோது தோற்றார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் மச்சி என் கையை இறுகப் பிடித்தாள். "நீயே கேளேன்" என்றாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கூட்டம் நகரத் தொடங்கிய பிறகு நான் உத்தியோகத்தரிடம் போய், தெரிந்த ஆங்கிலத்தில், "எனக்குக் காது சரியாகக் கேட்காது. பாட்டு ஒன்றுமே கேட்கவில்லை" என்றேன். வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் பரிதாபமும் படவில்லை, ஆச்சரியமும் படவில்லை. மறுபடி உருளையைச் சுழலவிட்டு, இடது காதைப் புனலுக்கு நேரே வைக்கச் சொன்னார். கருவி இருந்த மேசையின் விளிம்பில் விரல் நுனிகளை வைக்கவும் அனுமதித்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எறும்பு ஊர்வதுபோல மரத்தில் ஒரு சிறு நடுக்கம். அதோடு மிகத் தொலைவிலிருந்து வருவதுபோல ஓர் ஆணின் குரல். சொற்கள் விளங்கவில்லை. ஆனால் அது பாட்டு, அது உயர்கிறது, தாழ்கிறது என்பது விரலுக்கும் காதுக்கும் சேர்ந்து விளங்கியது.

பெயர் தெரியாத பெண்கள்

ஒலிப்பதிவுக் கருவியின் வரலாற்றில் எம் போன்ற பெண்பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1890 இல் எடிசன் நிறுவனம் பேசும் பொம்மைகளை விற்பனைக்கு விட்டது. பொம்மையின் வயிற்றுக்குள் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி. கைப்பிடியைச் சுற்றினால் குழந்தைப் பாடல் ஒன்றைச் சொல்லும். பதிவொன்றைப் படியெடுக்கும் முறை அப்போது இல்லாததால், ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே யாராவது பாடலைச் சொல்லிப் பதிய வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் அமர்ந்து அந்த வேலையைச் செய்தவர்கள் இளம் பெண்கள். பொம்மை எளிதில் பழுதானது, குரலும் விரைவில் மங்கியது, சில வாரங்களிலேயே விற்பனை நின்றது. ஆனால் அவர்களின் குரல் பதிந்த சில பொம்மைகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. கருவிக்கு உரியவரின் பெயர் உலகமெல்லாம் தெரியும். அதில் பேசிய பெண்களின் பெயர் தெரியாது.

கிளென்மொன்ட் வீடு

ஆய்வுகூடத்திலிருந்து சுமார் ஒரு மைல் தூரத்தில், மரங்கள் அடர்ந்த லூவெலின் பார்க் குடியிருப்பில் எடிசனின் வீடு இருக்கிறது. அதன் பெயர் கிளென்மொன்ட். செந்நிறத்தில், கூரான கூரைகளோடு 29 அறைகள் கொண்ட மாளிகை. முதல் மனைவி மேரி 1884 இல் இறந்த பிறகு, 1886 இல் மைனா மில்லரை மணந்தபோது எடிசன் இந்த வீட்டை 125,000 டொலருக்கு வாங்கினார். மைனா என்றதும் நம் ஊர்ப் பறவை நினைவுக்கு வருகிறதல்லவா? அப்போது அவருக்கு 20 வயது, எடிசனுக்கு 39.

இவர்களின் திருமணப் பேச்சே ஒரு விநோதம். தந்திச் செய்திக்குரிய மோர்ஸ் குறியீட்டை எடிசன் மைனாவுக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு, என்னை மணக்கச் சம்மதமா என்று அவர் கையில் விரலால் தட்டிக் கேட்டதாகவும், அவரும் தட்டியே சம்மதம் சொன்னதாகவும் எடிசன் கூறியிருக்கிறார். அதைவிட என் மனதில் பதிந்தது பின்னால் நடந்தது. நாடகம் பார்க்கப் போனால், நடிகர்கள் பேசுவதை மைனா தம் விரல்களால் தட்டிக் கணவருக்குத் தெரிவிப்பாராம். இருளில் யாருக்கும் தெரியாமல் ஒருவர் மற்றவருக்குக் காதாக இருந்திருக்கிறார்.

மைனா தம்மை ஒரு வீட்டு நிருவாகி என்றே சொல்லிக்கொண்டார். பணியாளர்கள், வரவு செலவு, விருந்தினர், பிள்ளைகள், தோட்டம் எல்லாம் அவரது பொறுப்பு. 1891 இல் வீடும் அவர் பெயருக்கு மாற்றப்பட்டது. இரும்புத் தாதைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் எடிசன் பெருந்தொகையை இழந்தபோதும், 1914 டிசம்பரில் பெருந்தீயொன்று ஆய்வுகூடத்தைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளில் பாதிக்கு மேல் எரித்தபோதும், இந்த வீடு நிலைகுலையாமல் நின்றது. அப்போது எடிசனுக்கு 67 வயது. மறுபடி கட்டியெழுப்பினார்.

மாடியில் குடும்பத்தினர் கூடும் அறையில் இரண்டு மேசைகள் இருக்கின்றன. ஒன்று எடிசனுடையது, மற்றது மைனாவுடையது. அந்த இரண்டு மேசைகளையும் உம்மா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எடிசன் 1931 ஒக்டோபர் 18 ஆம் திகதி இந்த வீட்டில்தான் காலமானார். 1947 இல் மைனா மறைந்தார். வீட்டின் பின்புறத்தில் இருவரின் கல்லறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பெரிய மண்டபமோ சிலையோ இல்லை. புல்லும் இரண்டு கற்பலகைகளும் மட்டுமே.

நான் கொண்டுவந்த பாடம்

எடிசனின் பெயரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள் உள்ளன. அந்த எண்ணை மனனம் செய்வது எளிது. ஆனால் அன்று மாலை காரில் திரும்பும்போது நான் எண்ணியது வேறு எண்ணிக்கை. மூங்கில் தேடிக் கடல் கடந்து வந்த ஆசிரியர், திரைப்படக் கருவியைச் செய்த டிக்சன், உயிரைக் கொடுத்த டாலி, பொம்மைக்குள் குரலை விட்டுச் சென்ற பெண்கள், இருளில் விரலால் தட்டிய மைனா. இவர்களையெல்லாம் கழித்துவிட்டால் அந்த 1,093 இல் எவ்வளவு மிஞ்சும்? தனிமரம் தோப்பாகாது என்று நம் முன்னோர் சொன்னது ஆய்வுகூடத்துக்கும் பொருந்தும்.

இலங்கை திரும்பிப் பாடசாலை தொடங்கிய முதல் நாள், இரசாயனவியல் ஆசிரியையைத் தனியே சந்தித்தேன். "டீச்சர், போன வருடம் நான் கவனிக்காமல் இருக்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லிப் பர்தாவைச் சற்று விலக்கிக் கருவியைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார். மறுநாளிலிருந்து என் இடம் முன்வரிசையின் வலப்பக்கத்துக்கு மாறியது. இடது காது வகுப்பின் பக்கம் இருக்கட்டும் என்று அவரே யோசித்துச் செய்தது. செய்முறைக்கு முன்னர் அறிவுறுத்தல்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டே தொடங்குகிறார். அது எனக்கு மட்டுமல்ல, முழு வகுப்புக்கும் உதவுவதாகத் தோழியர் சொல்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இப்போதும் சில பாடங்களில் பாதி தவறிப்போகிறது. "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது இப்போதும் முகம் சூடாகிறது. ஆனால் விஞ்ஞானப் பிரிவை விடும் யோசனையை விட்டுவிட்டேன். என் பக்கத்தில் இருக்கும் தோழி, ஆசிரியை முக்கியமான ஒன்றைச் சொல்லும்போது மேசையில் இரண்டு முறை தட்டுவாள். நான் உடனே நிமிர்ந்து பார்ப்பேன். அது எங்கள் மோர்ஸ் குறியீடு.

அன்புத் தங்கைகளே, உங்களுள் எத்தனையோ பேர் கண் மங்கலாகத் தெரிவதையும், காது கேளாததையும், பாடம் விளங்காததையும் மறைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்றும் கேட்காததைக் கேட்கவில்லை என்றும் சொல்லத் தொடங்குங்கள். எந்த ஆய்வும் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. பக்கத்தில் இருப்பவள் தலையாட்டிக்கொண்டிருந்தால், அவளுக்கு உண்மையாகவே விளங்கியதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேராதனைக்குப் போனால் அந்த மூங்கில்களின் கீழ் சற்று நின்று, அந்த ஆசிரியர் தேடி வந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள்.